மாலை வரும்வரை சாகாத நோர்மன் தளபதி

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ ஊர்த் தெருக்களில் சைக்கிள் ஓடினால், அவர் வருவதற்கு முன்பே அவருடைய குரல் வந்து சேர்ந்துவிடும். மணி அடிக்க மாட்டார். பாடுவார். முன்னால் போகிற டெனிஷ்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து வழி விடுவார்கள். "மணியை விட இது மரியாதை தம்பி" என்று எனக்கு விளக்கம் வேறு சொல்வார். வாங்கிய நாளிலிருந்தே அந்தச் சைக்கிளில் மணி இல்லை என்பதுதான் உண்மை.

மன்னார்க் கரையில் கரைவலை இழுத்த மனிதர். நாற்பத்தொரு வயது, கட்டையான உருவம், அந்த உருவத்துக்கு இரண்டு அளவு பெரிய நெஞ்சு. டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, ஒரு பூங்கன்றுப் பண்ணையில் பிளாஸ்டிக் சட்டிகளுக்கு மண் நிரப்புவது. சட்டிகளுக்கும் பாடினார். முதல் நாள் மேற்பார்வைக்காரர் அவர் செபிக்கிறார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாராம். எல்லாம் ராசாமார் சண்டைக்குப் போகிற பாட்டு என்று பிறகு தெரிந்ததும், கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொன்னாராம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். என் பெயர் தவராஜா. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்தவன், ஆங்கிலம் தெரிந்தவன், அது தெரியும் என்பதை ஒரு நாளும் மறக்காதவன். எங்கள் ஆட்கள் டொக்டரிடம் போனாலும் பல்லுப் பிடுங்கப் போனாலும் மொழிபெயர்க்க நான் வேண்டும். இத்தனை பேரின் வாய் என் கையில் இருந்ததால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான். அண்ணை பாடுகிற நாட்டுக்கூத்தைப் பற்றி என்ன நினைத்தேன் என்று கேட்டால், எங்கள் வீட்டில் அதைச் சத்தம் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. 'ஸ்ப்றோக்ஸ்கோல' என்று அங்கே சொல்கிற மொழிப்பள்ளியில் எங்களுக்கு டெனிஷ் படிப்பித்த எம்ரிஸ் டெனிஷ்காரர் அல்ல. வேல்ஸ்காரர். ஹொல்ஸ்டெப்ரோப் பெண் கிர்ஸ்டனைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். ஒரு வேல்ஸ்காரர் டெனிஷை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த, அதை நான் தமிழில் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பிரித்துக் கொடுக்க, கடைசியில் வகுப்பு என்ன மொழி படித்தது என்று எனக்கே இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் எம்ரிஸுக்கு ஒரு காய்ச்சல் பிடித்தது. 1136ஆம் ஆண்டில் க்ரிக் மவுர் என்ற குன்றடியில் வேல்ஸ்காரர் நோர்மன்காரரை அடித்து நொறுக்கினார்கள். நோர்மன் படை கார்டிகன் கோட்டைப் பக்கம் தப்பி ஓடும்போது ஆற்றுப் பாலம் உடைந்து கும்பலாகத் தண்ணீருக்குள் விழுந்தது. அது நடந்து சரியாக எண்ணூற்றைம்பது வருடம். எம்ரிஸ் இதைப் போன கிழமை நடந்த சங்கதி போலச் சொல்வார். பாலம் உடைகிற இடத்தில் அவருக்குக் கண் கலங்கும், சந்தோசத்தில். இதை நாடகமாகப் போடாமல் அந்த வருடம் போகக்கூடாது என்று நின்றார். கிர்ஸ்டனின் தமையன் நீல்ஸுக்கு ஊருக்கு வெளியே மாட்டுப்பண்ணை இருந்தது. அங்கே ஒரு மேடு, மேட்டடியில் முழங்காலளவு ஓடை. சண்டை உண்மையில் நடந்தது ஒக்டோபரில். எங்கள் யூட்லாந்துப் பக்கத்து ஒக்டோபர் மழையில் இரண்டு படையும் தோற்கும் என்று கிர்ஸ்டன் சொன்னதால், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள்.

பிரச்சினை ஆள் சேர்ப்பதில் வந்தது. ஊர்க்காரர் எல்லாருக்கும் வேல்ஸ் படைதான் வேண்டும். வெல்கிற பக்கம், கையில் வில்லும் உண்டு. நோர்மன்காரரின் பூட்டன்மார் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள்தான் என்று கோப்பிக் கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அதே ஆட்கள், நோர்மனாக நிற்க வாருங்கள் என்றதும் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார்கள். வேல்ஸ் பக்கம் முப்பத்திரண்டு பேர், நோர்மன் பக்கம் பூச்சியம். எம்ரிஸ் எங்கள் வகுப்புக்கு வந்தார். மத்தியானச் சாப்பாடு தருவார்களாம் என்று நான் மொழிபெயர்த்ததும் ஏழு கை உயர்ந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை மட்டும் கை உயர்த்தாமல் கேள்வி கேட்டார். "தம்பி, உதில ராசா ஆர்?"

நோர்மன் பக்கத்தில் ராசா கிடையாது, கோட்டைத் தளபதி ஒருவன்தான், அவன் பாலத்தோடு விழுவான் என்றார் எம்ரிஸ்.

"விழுந்து?"

"சாவானாம் அண்ணை."

அவர் எழும்பி நின்றார். "அப்ப அது நான்."

தோற்றுச் சாகிற வேசத்துக்கு இவ்வளவு ஆசைப்பட்டவரை எம்ரிஸ் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். காரணத்தை அன்று வீட்டுக்குப் போகும் வழியில், சைக்கிளை உருட்டிக்கொண்டே அண்ணை எனக்குச் சொன்னார். அவருடைய ஊரில் கோயில் பெருநாளுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை கூத்துப் போடுவார்கள். அவருடைய குரல் ராசாவுக்கு ஏற்றது என்று ஊரே சொல்லும். ஆனால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவருடைய காலைப் பார்ப்பார். ராசாவுக்கு உயரம் காணாது என்று கட்டியகாரன் வேசம் கொடுப்பார், ராசா வருகிறார் என்று முன்னால் வந்து அறிவிக்கிறவன். பதினொரு வருடத்தில் மூன்று தரம் அவர் மற்றவர்களுக்காக அறிவித்தார். நாலாம் தரம், எண்பத்து நாலில், அண்ணாவியார் மனம் இரங்கி ராசா கொடுத்தார். நாலு மாதம் பழகினார். பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஆமி வந்தது, ஊர் இடம்பெயர்ந்தது, மேடைக்கு நட்ட கம்புகளைக்கூடப் பிடுங்க ஆள் இருக்கவில்லை.

"ராசா வந்து வரவுப் பாட்டுப் பாடி முடிச்சால், அவன்ர வீட்டு ஆக்கள் மேடையில ஏறி மாலை போட்டுச் சால்வை போத்தவேணும் தம்பி. என்ர மனிசி சால்வை வாங்கி வைச்சவள். அந்தச் சால்வை இஞ்சையும் வந்திருக்கு, சூட்கேசுக்க" என்றார். பிறகு கொஞ்ச தூரம் பாடாமல் நடந்தார். "ஒருக்கா ராசாவா நிண்டு பாட வேணும். அவள் மாலை போட வேணும். பிறகு பாலம் உடைஞ்சாலும் காரியமில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்பதையே அப்போது பெரிய பண்பு என்று நினைத்தேன்.

ஒத்திகை இரண்டு நாள்தான் நடந்தது, இரண்டு நாளும் மழை. எம்ரிஸின் கணக்கில் தளபதிக்கு ஒரேயொரு கூச்சல்: 'முன்னேறு!' அதன் பிறகு அம்பு, ஓட்டம், பாலம், சாவு. அண்ணை என் கையைப் பிடித்தார். "என்ர வரவு எங்க? ஆர் எவர் எண்டு சொல்லாமல் ஒருத்தன் சாகிறதே?" நான் கேட்டேன். பாட்டு வேண்டாம், நாடகமே இருபது நிமிடம் என்றார் எம்ரிஸ். சொன்னேன். திரும்பக் கேள் என்றார் அண்ணை. கேட்டேன். இப்படி நாலு தரம் அவருக்கும் இவருக்கும் இடையில் ஓடினேன். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஐந்தாம் தரம் நான் எம்ரிஸிடம் போய்க் கோப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, "ஓம் அண்ணை, கொஞ்சம் பாடலாமாம்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளனாக நான் சொன்ன பொய்களில் அது சின்னது என்று நினைத்தேன். கூத்துக்காரருக்குக் கொஞ்சம் என்றால் பன்னிரண்டு பாட்டு என்பது எனக்குத் தெரியாது. ஒத்திகையில் அவர் வாயே திறக்கவில்லை. "தொண்டையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைச்சிருக்கிறன்" என்றார். அவர் சம்மதித்துவிட்டார் என்று எம்ரிஸுக்கும் நிம்மதி.

உடுப்பிலும் ஒரு இழுபறி. ஊர்ப் பெண்கள் சாம்பல் கம்பளி நூலில் சட்டை பின்னி, அதற்கு வெள்ளிப் பூச்சு அடித்து, இரும்புக் கவசம் என்று தந்தார்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு போட்டோம். அண்ணையும் போட்டார். ஆனால் அதன்மேல் பழைய சாமான் கடையில் வாங்கிய சிவப்புத் திரைச்சீலையைத் தோளில் கட்டினார். சமையலுக்கான அலுமினியத் தாளும் நத்தாருக்கு மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளும் ஒட்டி ஒரு முடி செய்தார். அதை எம்ரிஸின் கண்ணில் படாமல் பையில் ஒளித்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை வேலை முடிந்து இன்னும் வரவில்லை. அவருடைய மனைவி செலீனா அக்கா மேசையில் செவ்வந்திப் பூவைக் குவித்து வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். பண்ணையில் விலைபோகாமல் கழித்த கன்றுகளின் பூ.

"அக்கா, நாளைக்கு இதை இடையில கொண்டுபோய்ப் போடப்போறியளோ?"

"வேற என்னத்துக்குத் தம்பி கட்டுறன்?"

"இஞ்சத்தை வழக்கம் வேற அக்கா. நாடகம் நடக்கேக்க பாத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் எழும்பி உள்ள போறதில்லை. சிரிப்பினம். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் வெக்கம். வேணுமெண்டால் முடிஞ்ச பிறகு வீட்டில போடுங்கோ."

அக்கா நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "நீங்கள் படிச்ச ஆள். உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். அதில் குத்தல் எதுவும் இருக்கவில்லை, அதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. அண்ணையிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "நாளைக்குப் பாடப்போற மனிசனுக்கு இண்டைக்கு இதைச் சொல்ல ஏலாது" என்று மாலையை ஈரத் துணியால் மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். நூற்றைம்பது பேர் மடக்குக் கதிரைகளோடும் கோப்பிப் பிளாஸ்க்குகளோடும் கேக்குகளோடும் வந்து ஓடைக்கரையில் இருந்தார்கள். மேட்டின்மேல் முப்பத்திரண்டு வேல்ஸ்காரர், நடுவில் இளவரசனாகப் பண்ணைக்கார நீல்ஸ். கீழே எட்டு நோர்மன்காரர். முதல் அம்பிலேயே சாக வேண்டியவர்கள் ஏழு பேர், நானும் எங்கள் வகுப்பு லோரன்ஸும் அதில் அடக்கம். அம்பு நுனியில் தக்கை பொருத்தியிருந்தார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை ஓரடி முன்னால் வந்தார். பையிலிருந்து முடியை எடுத்துத் தலையில் வைத்தார். எம்ரிஸ் மேட்டில் நின்று கையை அசைத்தார், கூச்சல் போடச் சொல்லி.

"கோட்டை கொத்தளம் குலுங்கிட வருகிறேன், கார்டிகன்
நாட்டை ஆண்டிடும் நோர்மன் தளபதி நானே!"

அந்தக் குரலை நான் அதுவரை சைக்கிளில்தான் கேட்டிருந்தேன். திறந்த வெளியில், மேட்டில் பட்டுத் திரும்பி வரும்போது அது வேறு குரல். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கின. கூச்சல் முடிந்தது என்று நினைத்த வில்லாளிகள் அம்பை விட்டார்கள். நாங்கள் ஏழு பேரும் கடமையாகச் செத்து விழுந்தோம். அண்ணையின் நெஞ்சிலும் ஒன்று பட்டது. அதைத் தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டு இரண்டாம் பாட்டைத் தொடங்கினார்.

வேல்ஸ் படை கத்திக்கொண்டு மேட்டிலிருந்து ஓடி வந்தது. பத்தடி தூரத்தில் நின்றது. பாடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை எப்படி வெட்டுவது? டெனிஷ்காரர் யாருடைய கதைக்குள்ளும் குறுக்கே விழமாட்டார்கள், பாட்டென்றால் கேட்கவே வேண்டாம். வரிசையாக நின்று காத்திருந்தார்கள். நாலாம் பாட்டில் சிலர் புல்லில் உட்கார்ந்தார்கள். நீல்ஸ் வாளை மண்ணில் ஊன்றி அதன்மேல் சாய்ந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தாளத்துக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். எல்லாரும் ஒரே அடியாக, பிசகாமல். மத்தளம் இல்லையே என்று மூன்று கிழமையாகப் புலம்பியவருக்கு நூற்றைம்பது மத்தளம் கிடைத்தது. மேட்டில் எம்ரிஸ் மட்டும் நாடகம் எழுதிய கொப்பியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டாம் பாட்டின் கடைசி அடி வந்தது. பாடி நிறுத்தினார். மாலை வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

அதே அடியைத் திரும்பப் பாடினார். மாலைக்கு ஆள் வரும்வரை கடைசி அடியை இழுப்பதுதான் வழக்கமாம். இந்தத் தரம் கண் சனத்துக்குள் தேடியது. மூன்றாம் தரம் பாடும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. நான் சாணத்துக்குப் பக்கத்தில் கன்னம் பட, செத்துக் கிடந்தேன். அங்கிருந்து முன்வரிசை நன்றாகத் தெரிந்தது. செலீனா அக்கா மடியில் பிளாஸ்டிக் பையை வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அண்ணையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாவியாருக்குப் பிறகு, ஆமிக்காரனுக்குப் பிறகு, இப்போது அவருடைய மாலையைத் தடுத்தவன் நான். டெனிஷ்காரர் சிரித்துவிடுவார்களோ என்று பயந்த எனக்கு, அந்த இடத்தில் என்னை நினைக்கவே வெட்கமாக இருந்தது. எழும்பினேன்.

பக்கத்தில் செத்துக் கிடந்த லோரன்ஸ் என் காலைப் பிடித்தான். "எங்க போறாய்? நீ செத்துப்போனாய்."

உதறிவிட்டு ஓடினேன். "அக்கா, எழும்புங்கோ. மாலையை எடுங்கோ."

"நீங்கள்தானே தம்பி வேண்டாமெண்டனீங்கள்?"

"நான் ஒரு மடையன் அக்கா. வாங்கோ."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மாலையும் சால்வையுமாக எழும்பி நடந்தார். ஓடைக்கரைச் சேற்றில் ஒரு செருப்புப் புதைந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு நடந்தார். வேல்ஸ் படை எழும்பி நடுவால் வழிவிட்டது. மாலை போடுவதற்கு அண்ணை தலையைக் குனிந்தபோது முடி கழன்று விழுந்தது. நீல்ஸ் குனிந்து எடுத்து, அதிலிருந்த புல்லைத் தட்டி, எதிரித் தளபதியின் தலையில் திரும்ப வைத்துவிட்டார். அக்கா சால்வையைப் போர்த்தினார். மூன்றாம் தரம் இறங்கிய அந்த அடியை அண்ணை நாலாம் தரம் பாடினார். அதை நான் எழுதிக் காட்ட முடியாது. கதிரைகளில் இருந்த ஒருவர்கூட மிச்சமில்லாமல் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

அதன்பிறகு அவர் நீல்ஸைப் பார்த்துத் தமிழிலேயே, "சரி, இனி வெட்டு" என்றார். நீல்ஸுக்கு நன்றாக விளங்கியது. சால்வையை அக்காவிடம் கொடுத்துவிட்டு அண்ணை ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்த பலகைப் பாலத்துக்கு ஓடினார். கயிற்றை இழுத்தார்கள், பலகை சரிந்தது, விழுந்தார். முழங்காலளவுத் தண்ணீரில் மல்லாந்து இரண்டு நிமிடம் முறையாகச் செத்துக் கிடந்தார். வலது கை மட்டும் சாகவில்லை. அது மாலையைத் தண்ணீர் படாமல் உயர்த்திப் பிடித்திருந்தது.

கோப்பி குடிக்கும்போது எம்ரிஸ் என்னிடம் வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். எண்ணூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு தன் ஆட்கள் வென்றும் ஒருவர்கூடத் தன் ஆட்களைப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, அந்த மனிதர் என்ன பாடினார் என்று கேட்டார். பன்னிரண்டு பாட்டையும் அண்ணையிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் நான் மொழிபெயர்த்தது அன்றுதான்.

அண்ணை துவாயைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி அக்காவைப் பார்த்தார். "மூண்டு தரம் இழுக்க வைச்சிட்டாய். ஏன் உவ்வளவு சுணக்கம்?"

நான் கோப்பியைக் கீழே வைத்தேன். அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். "செருப்புச் சேத்துக்க புதைஞ்சு போச்சு" என்றார்.

"விட்டிட்டு வாறதுக்கென்ன?"

"விட்டிட்டுத்தானே வந்தனான்" என்று காலைக் காட்டினார். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு அவர்கள் ஒடென்சேக்கு மாறிப் போனார்கள். அண்ணை அங்கேயும் சட்டிக்கு மண் நிரப்பினார், பிறகு ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார், எல்லா இடத்திலும் பாடினார், எல்லா இடத்திலும் மெதுவாகப் பாடச் சொன்னார்கள். கிர்ஸ்டன் எடுத்த படம், தண்ணீருக்கு மேலே ஒரு கையும் மாலையும், அவர்கள் வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. யார் போனாலும் கதை சொல்வார். செருப்பு வருகிற இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நான் குனிந்து கேக்கைத் தின்பேன்.

போன நத்தாருக்குப் போயிருந்தேன். அக்கா குசினியில் நின்றார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அண்ணை, அண்டைக்குச் செருப்பால இல்லை..." என்று தொடங்கினேன்.

"தெரியும்" என்றார். "ராசா நிண்ட இடத்தில இருந்து எல்லாம் தெரியும் தம்பி. செத்துக் கிடந்த நீ எழும்பி ஓடினதையும் கண்டனான். போகச் சொன்னவன்தான் போகவேண்டாமெண்டும் சொல்லியிருப்பான். இதை யோசிக்க எனக்கு இங்கிலீசு வேணுமே?"

"தெரிஞ்சுகொண்டோ அக்காவிட்டக் கேட்டனீங்கள்?"

"நீ நடுங்கிக்கொண்டு நிண்டாய். அவள் செருப்பு எண்டாள். அப்ப செருப்புத்தான்."

நான் வாய் திறக்குமுன் அக்கா தேத்தண்ணியோடு வந்தார். பின்னால் புது விருந்தாளிகள் இரண்டு பேர். அண்ணை படத்தைக் காட்டி, தொண்டையைச் செருமி, முதலிலிருந்து தொடங்கினார்.